புதன்கிழமை ஊமையான மணி

சாட்சிக் கூண்டில் மனிதன் ஏறினால் நூறு கேள்வி கேட்கிறது உலகம். இயந்திரம் ஏறினால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறது. சபீனா என்ற இருபத்தேழு வயது நர்சின் பிழைப்பைப் பறிக்க, அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு சாட்சி போதுமாக இருந்தது. அந்தச் சாட்சிக்கு வாயில்லை, வயிறில்லை, வருத்தமும் இல்லை. திருப்பதி பைராகிப்பட்டேடையில் ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில், செருப்பு அலமாரிக்கு மேலே ஆணியடித்து மாட்டப்பட்ட வெள்ளைப் பெட்டி அது.

"ஒரு சோப்பு டப்பாவ எதுத்து வாதாடவாக்கா சித்தூர்லேருந்து பஸ்ஸு புடிச்சி வந்தோம்?" என்றான் சிட்டிபாபு, தெருமுனையில் இறங்கிச் சட்டைக் காலரை உதறியபடி.

"மனுசன எதுத்து வாதாடி நீ எப்ப ஜெயிச்ச? டப்பாவாவது அமைதியா கேக்கும்" என்றாள் அலர்மேல்மங்கை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபதாண்டு பொய்யும் மெய்யும் சலித்துவிட்டு, சித்தூரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அலர்மேல்மங்கை. திருச்சானூர்த் தாயாரின் பெயரைச் சுமந்தும் கோயில் வாசலை மிதியாதவள். கற்பூரத்தைப் பூச்சிக்கு மட்டுமே பயன்படுத்துகிறவள். சிட்டிபாபுவோ மிக்ஸி பழுதுபார்க்கும் கடையை மூடிவிட்டு அவளோடு சேர்ந்து ஆறு ஆண்டாகிறது. அவனுக்குத் திருகாணிகள்மீது இருந்த நம்பிக்கை மனிதர்கள்மீது இருந்ததில்லை. இந்தப் புதுப் பெட்டியைக் குறித்து எந்தப் பக்கம் சேர்வதென்று அவனுக்கே விளங்கவில்லை.

இரும்புக் கேட்டுக்கு வெளியே, வெயிலில், அவர்களை வரவழைத்த சபீனா நின்றிருந்தாள். உள்ளே வரக்கூடாதென்பது வீட்டுக்காரரின் உத்தரவு.

"புதன்கிழமை ஒம்போது அம்பதுக்கு வந்தேன் மேடம். மூணு தடவ மணி அடிச்சேன். தொறக்கல. கேட்டப் புடிச்சி ஆட்டினேன். அப்பவும் தொறக்கல. பத்து அஞ்சு வரைக்கும் நின்னுட்டு அடுத்த பேஷண்ட்டுக்குப் போய்ட்டேன்."

"போன் பண்ணலயா?"

"நர்சுங்கள வீட்டுக்கு அனுப்புற ஆபீசுல பேஷண்ட் நம்பர எங்களுக்குத் தர மாட்டாங்க. தனியா பேசி வேல புடிச்சிக்குவோம்னு பயம். ஆபீசுக்கு ரெண்டு வாட்டி அடிச்சேன், பிசி."

அவள் ஊசி போடாமல் போனதால், இடுப்பில் அறுவை முடிந்து படுக்கையில் கிடந்த அம்சவேணிக்குச் சர்க்கரை ஏறி மயக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய், பிழைத்து, மறுநாளே வீடு திரும்பிவிட்டார். ஆனால் கணவர் எழுதிய புகாரோ திரும்பவில்லை. பகல் இரண்டு மணிக்குள் மறுப்புக்கு ஆதாரம் வராவிட்டால், 'கடமை தவறியவர்' என்று எழுதி ஆபீசில் கோப்பை மேலே அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு சொல் ஏறிய பெயருக்குத் திருப்பதியில் எந்த மருத்துவமனையும் கதவு திறக்காது.

"என் போனு இந்தத் தெருவுலதான் இருந்துச்சின்னு ஆபீசுக்கே தெரியும் மேடம். ஆனா, டீக்கடையும் இதே தெருவுலதான இருக்குதுன்னு கேக்கறாங்க."

"டீக்கடையில டீ நல்லா இருக்குமா?" என்றான் சிட்டிபாபு.

சபீனா முதன்முறையாகச் சிரித்தாள். "தெரியாது சார். நான் டீ குடிக்க மாட்டேன்."

அலர்மேல்மங்கை மணிப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே 'டிங் டாங்' என்று கணீரென ஒலித்தது. கேட்டின் பூட்டு 'க்ளக்' என்று தானே திறந்துகொண்டது. மணி பன்னிரண்டு பத்து.

வாசலில் நின்றவர் ஹரிபாபு. கல்லூரியில் முப்பத்தைந்து ஆண்டு இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற விரிவுரையாளர். வரவேற்புக்கு முன்பே கைபேசியை நீட்டினார். 'மணி ஒலித்தது: 12.10' என்றது திரை.

"சூடண்டி, ரெண்டு செகண்டுல வந்துடுச்சி. புதன்கிழமையைப் பாருங்கோ. காலையில ஆறு அம்பதுக்குப் பால்காரர். அப்புறம் பதினொண்ணு நாப்பது, நானே வந்து அடிச்சது. நடுவுல ஒண்ணுமே லேது. நான் மனுசங்களைக் குத்தம் சொல்லலையண்டி. டேட்டா செப்புது. டேட்டா பொய் செப்பாது."

"புதன்கிழமை நீங்க எங்க போயிருந்தீங்க சார்?"

ஹரிபாபுவின் நெஞ்சு அரை அங்குலம் நிமிர்ந்தது. "சந்திரகிரியில ஒரு ஸ்கூல். கிரகணத்தைப் பாத்துப் பயப்படக்கூடாதுன்னு பசங்களுக்கு லெக்சர்."

"ரொம்ப நல்ல காரியம்" என்றாள் அலர்மேல்மங்கை, மனதாரவே.

படுக்கையறையிலிருந்து ஒரு குரல் வந்தது: "யாரு, துப்பறியறவங்களா? இங்க வந்து துப்பறியுங்க. அங்க நின்னா அவரு லெக்சரு குடுத்துகினே இருப்பாரு."

நகரியில் பிறந்து தெலுங்கு வீட்டில் வாழ்க்கைப்பட்ட அம்சவேணி, தலையணை மூன்றில் சாய்ந்திருந்தார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. வாசல் மணி ஒலித்தால் அதை அழுத்துவார்; கேட் திறக்கும். போன ஞாயிற்றுக்கிழமை செய்த ஏற்பாடு.

"அன்னிக்கி மணியே அடிக்கலம்மா. அடிச்சிருந்தா தொறந்திருப்பேன். கேட்டு ஆடற சத்தம் மட்டும் கேட்டுச்சி. மாடு உரசுதுன்னு உட்டுட்டேன். இந்தத் தெருவுல மாடுங்க ஜாஸ்தி."

"எப்படி ஆடிச்சி?"

"மூணு வாட்டி ஆடிச்சி. நின்னுச்சி. திரும்ப மூணு வாட்டி."

"எண்ணத் தெரிஞ்ச மாடு" என்றான் சிட்டிபாபு. "ஸ்கூல்ல சேத்துடலாம்."

"மாடு மூணு வாட்டி ஆட்டினா, மணி மூணு வாட்டி அடிச்சதா ஆயிடுமா?" என்று ஹரிபாபு மடக்கினார். மறுக்க முடியாத கேள்வி. சபீனா கேட்டை ஆட்டியதைத்தான் அது காட்டியது, மணியை அழுத்தியதையல்ல.

சிட்டிபாபு மெயின் ஸ்விட்சை அணைத்து, வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். கழற்றியதுமே அவன் முகத்தில் பழைய கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இங்க பாரு. அந்தக் காலத்துல வாசல்ல அழுத்துனா உள்ள மணி அடிக்கும். ரெண்டே ஒயரு, நேரா பேசிக்கும். இப்ப வாசல் ஒயரு இந்தப் பெட்டியில வந்து முடிஞ்சி போச்சி. மணிக்குப் போற ஒயரு தனியா கெளம்புது. நடுவுல இவரு உக்காந்துகினு, அழுத்தினத அங்க சொல்லலாமா வேணாமான்னு முடிவு பண்றாரு."

"தரகர்" என்றாள் அலர்மேல்மங்கை.

அந்த ஒரு சொல்லில் அவளுடைய வாழ்நாள் கோபம் முழுவதும் இருந்தது. பக்தனுக்கும் சாமிக்கும் நடுவில், உழவனுக்கும் சந்தைக்கும் நடுவில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்று இந்த நாட்டில் தரகன் நுழையாத இடம் ஒன்றிருந்தது. அது வாசல் மணி. அங்கும் நுழைந்துவிட்டான்.

மின்சாரத்தைத் திரும்பவும் போட்டுவிட்டு, சபீனாவை வெளியிலிருந்து அழுத்தச் சொன்னார்கள். பெட்டிக்குள் முதலில் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. பிறகு 'டக்' என்றொரு சிறு ஓசை. அதன்பிறகே 'டிங் டாங்'.

"பச்ச வெளக்குன்னா, 'வாசல்ல யாரோ அழுத்தறாங்க, எனக்குத் தெரியும்'னு அர்த்தம். டக்குன்னா, 'சரி, அடிச்சிக்கோ'ன்னு மணிக்கு உத்தரவு" என்றான் சிட்டிபாபு. பின், கண்ணைச் சிமிட்டி, மின்சாரத்தை அணைத்து, மணிக்குப் போகும் ஒயரில் ஒன்றை உருவிவிட்டு, மறுபடி போட்டான். "இப்ப அழுத்துமா, சபீனா!"

பச்சை விளக்கு எரிந்தது. டக் என்றது. மணி ஊமையாயிருந்தது. ஆனால் ஹரிபாபுவின் கைபேசியோ பெருமையோடு அறிவித்தது: 'மணி ஒலித்தது: 12.24.'

ஹரிபாபு திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், மணி அடிச்சிச்சா?" என்று பணிவோடு கேட்டாள் அலர்மேல்மங்கை.

"லே... லேது."

"டேட்டா அடிச்சிச்சின்னு செப்புதே?"

"அது... அந்த டக்கை வச்சி எழுதுது போல."

"அதாவது உங்க சாட்சி, வாசல்ல நடந்ததையும் எழுதல, வீட்டுல கேட்டதையும் எழுதல. தான் போட்ட உத்தரவ மட்டும் எழுதிக்கினு இருக்குது. புதன்கிழமை பச்ச வெளக்கு எரிஞ்சி, அது உத்தரவு போடாம இருந்திருந்தா?"

"ஏன் போடாம இருக்கும்? அதுக்கு மூடா, கோவமா?"

"அதான் நானும் கேக்கறேன் சார். இந்த நேரத்துல அடிக்காதேன்னு நீங்க ஏதாவது சொல்லி வச்சீங்களா?"

"நானா? நோ நோ."

இரண்டு 'நோ' என்பதைச் சிட்டிபாபு மனதில் குறித்துக்கொண்டான். உண்மைக்கு ஒன்று போதும்.

அம்சவேணி தலையணையிலிருந்து எழும்ப முயன்றார். "மூடு இருக்குதும்மா அதுக்கு. திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு கீரக்கார சின்னப்பன் வந்து அடிச்சானாம், தொறக்கலயாம். மறுநாளு வந்து எங்கிட்ட சண்ட. 'அரகட்டு கீரைக்கு பயந்துகினு மணிய அணைச்சிட்டியா'ன்னு கேக்கறான்!"

அலர்மேல்மங்கை கண்ணை மூடினாள். விரல்கள் எதையோ எண்ணின. பிறகு வெற்றிப் புன்னகையோடு விழித்தாள்.

"திங்கட்கிழமை எட்டு மணி. ஏழரையிலேருந்து ஒம்போது. ராகு காலம்! சார், ராகு காலத்துல மணி அடிக்கக் கூடாதுன்னு யாரோ இந்தப் பெட்டிக்குச் சொல்லி வச்சிருக்காங்க."

"யக்கா" என்றான் சிட்டிபாபு அடக்கமாக, "சாமியே இல்லன்னு சொல்றவ நீ. ராகு காலத்த மட்டும் ஏழு நாளுக்கும் மனப்பாடமா வச்சிருக்கியே?"

"எதிரியோட நடமாட்டம் தெரியணும்டா."

"சரி, எதிரி புதன்கிழமை எத்தன மணிக்கு நடமாடுவாரு?"

அவள் முகம் விழுந்தது. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. சபீனா வந்ததோ பத்துக்குப் பத்து நிமிடம் முன்னே. எமகண்டத்துக்குப் போனாள்: ஏழரை முதல் ஒன்பது. அதுவும் இல்லை. குளிகை: பத்தரைக்கு மேல். அதுவும் கைவிட்டது. ஒரு பகுத்தறிவுவாதிக்குத் தெரிந்த மூடநம்பிக்கைகள் அத்துடன் தீர்ந்தன.

ஹரிபாபு சிரித்தார். அது தேவைக்கு மேல் நீண்ட சிரிப்பு. "ராகு காலமா? என் வீட்டுலயா? நான் சயின்ஸ் லெக்சரரண்டி!"

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு ஐம்பதைத் தாண்டியது. கோப்பு மேலே போக எழுபது நிமிடம் கூட இல்லை. சபீனா தெருப்பக்கச் சன்னல் கம்பிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெட்டிய மாட்டினது யாரும்மா?" என்று அம்சவேணியைக் கேட்டாள் அலர்மேல்மங்கை. கணவர் வாய் திறக்குமுன் மனைவி பெயரோடு போன் நம்பரையும் சொல்லிவிட்டார். யஸ்வந்த், ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கு இப்படிப் பெட்டி மாட்டுகிறவன். சாப்பாட்டு இடைவேளையில் பிடிபட்டான். அலர்மேல்மங்கை ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஆமா மேடம், சார் ஒரு மாசத்துக்கு டைம் லிஸ்ட்டு எழுதிக் குடுத்தாரு. அந்த டைம்ல மணி அடிக்கக் கூடாதுன்னாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. அய்யய்யோ, இப்ப சொல்லிட்டனா?"

"சொல்லிட்ட. பரவால்ல. எதுக்கு அந்த லிஸ்ட்டு?"

"கேக்கல மேடம். தூங்கற நேரம்னு நெனச்சிகினேன். தினத்துக்கு ஒரு டைம் போட்டிருந்துச்சி. ரிடையர் ஆயிட்டா தூக்கமும் எங்க பேக்டரி ஷிப்ட்டு மாதிரி மாறும்போலன்னு..."

ஹரிபாபு மூழ்குகிறவன் விழுதைப் பற்றுவதுபோல் அதைப் பற்றினார். "அவுனு! தூக்கம்தான்! வயசாச்சில்ல? அதுல என்ன தப்பு? சத்தம்தான் நிக்கும், போன்ல பதிவு வரும்னு நெனச்சேன்."

"இல்ல சார்" என்றது தொலைபேசி. "அந்த டைம்ல ரெண்டுமே நின்னுடும். நீங்க பதிவப் பத்தி சொல்லவேயில்லியே."

"புதன்கிழமைக்கு இன்னா டைமு தம்பி?" என்று குறுக்கிட்டான் சிட்டிபாபு.

"பாக்கறேன்... ஒம்போது பதினெட்டு டு பத்து அம்பத்தி நாலு."

சிட்டிபாபு இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினான். அவன் வாழ்வில் அலர்மேல்மங்கைக்கு முன்னே ஓடிய தருணங்கள் மூன்றோ நான்கோ. இது அவற்றில் ஒன்று.

"சார், நீங்க சந்திரகிரியில கிரகண லெக்சரு குடுத்துகினே இங்க எப்படி தூங்கினீங்கன்றது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒம்போது பதினெட்டுக்குத் தூங்கப் போயி பத்து அம்பத்தி நாலுக்கு எந்திரிக்கிற மனுசன நான் பாத்ததில்ல. அரமணி, முக்காமணின்னுதான் மனுசன் தூங்குவான். நிமிசக் கணக்குல நல்லது கெட்டது பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான்." அவன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தெலுங்கு நாட்காட்டியிடம் போனான். "அக்கா, நீ தமிழ்க் காலண்டர வச்சிகினு தெலுங்கு வீட்டத் தேடற. இவங்களுக்கு ராகு காலத்த விட வர்ஜ்யம்தான் பெருசு. நட்சத்திரத்த வச்சி தினத்துக்கு ஒரு நேரத்துல வரும். அந்த ஒண்ணரை மணி நேரத்துல ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது, புதுசா ஒண்ணும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. எங்க நைனா அந்த நேரத்துல முடி கூட வெட்டிக்க மாட்டாரு."

விரல் கட்டங்களில் இறங்கியது. "திங்கள்: ஏழு நாப்பது முதல் ஒம்போது பதினாறு. கீரை போச்சி. செவ்வாய்: ராத்திரி, யாரும் வர மாட்டாங்க. புதன்: ஒம்போது பதினெட்டு முதல் பத்து அம்பத்தி நாலு. ஊசி போச்சி." விரல் நின்றது. "வெள்ளி: பன்னெண்டு நாப்பத்தெட்டு முதல் ரெண்டு இருபத்திநாலு."

எல்லார் கண்களும் சுவர்க்கடிகாரத்துக்குப் போயின. ஒன்று இருபது.

"சபீனா" என்று சன்னல் பக்கம் குரல் கொடுத்தாள் அலர்மேல்மங்கை. "மணிய அழுத்தும்மா. மூணு தடவ." உருவிய ஒயரைச் சிட்டிபாபு மீண்டும் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றான்.

பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. மூன்றாம் முறையும் எரிந்தது. டக் இல்லை. டிங் டாங் இல்லை. கைபேசியின் திரையில் ஓர் எழுத்து இல்லை. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள் என்று அறிந்தும் அறியாததுபோல் இருந்தது பெட்டி. அதற்கு அந்த வித்தையைக் கற்பித்தது மனிதன்.

அம்சவேணிதான் முதலில் பேசினார். "இன்னாங்க, நான் மயங்கிக் கெடந்தது வர்ஜ்யத்துக்காகவா?"

ஹரிபாபு நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து ஆண்டு மேடையில் நின்ற கால்கள் அவருடையவை. "நான் வேணும்னு செய்யல அம்சா. அந்தப் பொண்ணு வரலைன்னு நெஜமாவே நம்பினேன். இவங்க கேட்டப்ப சொல்ல வாய் வரல. என் ஸ்டூடன்ட்ஸ் இந்த ஊரு பூரா இருக்காங்க. சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க சார்" என்றாள் அலர்மேல்மங்கை. "ரெண்டு நாளு சிரிப்பாங்க. அந்தப் பொண்ணு எத்தன வருசம் வேலையில்லாம நிக்கணும்னு பாத்துக்கோங்க. உள்ள கூப்பிடலாமா?"

அவரே எழுந்துபோய்க் கேட்டைத் திறந்தார். சபீனா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"ஆபீசுக்கு வாயால சொன்னா போதாது சார். எழுதிக் குடுங்க."

ஹரிபாபு எழுதினார். எழுதியதை வாசித்தார்: தொழில்நுட்பக் காரணங்களால் அன்று ஒரு தற்காலிகத் தகவல் இடைவெளி நிகழ்ந்திருப்பது தெரியவருகிறது.

சபீனா காதில் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "இதுல நான் வந்தேனா, வரலையா சார்?"

தாளைக் கிழித்தார். இன்னொன்று எழுதினார்: நர்ஸ் வந்திருக்கக்கூடும்.

"'கூடும்' வேணாம் சார்."

மூன்றாவது தாளில் மூன்றே வரிகள் இருந்தன. நர்ஸ் சபீனா புதன்கிழமை சரியான நேரத்துக்கு வந்து மணியை அழுத்தினார். வர்ஜ்ய நேரத்தில் மணி ஒலிக்கக் கூடாதென்று ஏற்பாடு செய்தவன் நான். தவறு என்னுடையது.

பேனா கையெழுத்துக்கு இறங்கி, தாளைத் தொடாமல் நின்றது. அவர் பார்வை அலமாரிக் கதவுக்குப் போய் வந்ததை அறையில் பார்க்காதவர் இல்லை.

"ரெண்டு இருபத்திநாலுக்கு மேல போடட்டுமா?" என்று கேட்டார். குரல் வாதாடவில்லை, கெஞ்சியது. "என் அப்பா காலத்துலேருந்து இந்த நேரத்துல ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டதில்லண்டி."

"ரெண்டு மணிக்கு கோப்பு போயிடும் சார்" என்றாள் சபீனா.

சிட்டிபாபுவின் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது. அவன் அதை விழுங்கினான். ஆறு ஆண்டில் அவன் விழுங்கிய முதல் வேடிக்கை அது.

ஹரிபாபு கையெழுத்திட்டார்.

"நேரமும் போடுங்க சார்" என்றாள் அலர்மேல்மங்கை. பகல் 1.41 என்று எழுதினார்.

சபீனா தாளைப் படமெடுத்து அனுப்பினாள். எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். கூரை இடியவில்லை, விளக்கு அணையவில்லை. அம்சவேணி மட்டும் தலையணையில் சாய்ந்தபடி, "கண்ணாலம் ஆனதுலேருந்து இந்த நேரத்துல இவரு பேனாவத் தொட்டு இப்பதான் பாக்கறேன். இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்" என்றார்.

ஆனது இதுதான். ஒன்று ஐம்பத்திரண்டுக்குச் சபீனாவின் கைபேசி ஒலித்தது. காதில் வைத்துக் கேட்டாள். "சரி சார்" என்றாள். மறுபடி, "சரி சார்." வைத்துவிட்டு, அதுவரை உட்காராதவள், அம்சவேணியின் கட்டிலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தாள்.

"கைய நீட்டுங்கம்மா" என்றாள். "டூட்டியில சேந்துட்டேன்."